இருண்ட வீட்டுக்கு ஒளி: சன்னலை மாற்றுமுன் சிந்திக்க வேண்டியவை

தீபாவளி நெருங்குகையில் வீட்டுச் சுவர்களுக்குப் புதுச்சாயம் பூசுவதும், பழுதுற்ற கதவு சன்னல்களைச் செப்பனிடுவதும் நம் மக்களிடையே நெடுநாளாக இருந்துவரும் நல்வழக்கமாகும். தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியோர் குடியேறிய குறைந்த விலை வீடமைப்புப் பகுதிகளிலும், பல ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தரைவீடுகள் இன்றும் பலவுள. அவற்றின் பொதுவான குறை இருட்டு. பட்டப்பகலிலும் நடுவறையில் மின்விளக்கு எரிகின்றது. பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வருகின்றனர். வயது முதிர்ந்தோர் சமையலறைப் படி தெரியாது இடறுகின்றனர்.

இக்குறையைப் போக்கப் பழைய சன்னல்களை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துவோர் பலர். எனினும், சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைச் செலவிட்ட பின்னர், “வெளிச்சம் வந்தது, ஆனால் புழுக்கம் தாளவில்லை” என வருந்துவோரும் உளர். காரணம் என்ன? சன்னல் ஒளிக்கு மட்டும் உரியதன்று, காற்றுக்கும் உரியது. ஆகவே கண்ணாடியின் அகலத்தை மட்டும் பார்த்தல் போதாது. அது எவ்வளவு திறக்கும் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

விதி கூறும் அளவு

தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்க நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. அது 2019இல் திருத்தப்பட்டது. கட்டடங்களுக்குப் பொதுவான 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள், சன்னலுக்கு ஓர் எளிய கணக்கைத் தருகின்றன. குடியிருப்பு அறையொன்றின் சன்னல் பரப்பு, அவ்வறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைதல் கூடாது. காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைதல் கூடாது.

இதனை உங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையதெனின் தரைப் பரப்பு 120 சதுர அடி. ஆகவே சன்னல் 12 சதுர அடியேனும், திறப்பு 6 சதுர அடியேனும் இருத்தல் வேண்டும். 4 அடி அகலமும் 3 அடி உயரமும் உள்ள ஒரு சன்னல் இதற்குச் சரியாகப் பொருந்தும். அதே அறையில் 2 அடிக்கு 3 அடிச் சன்னல் மட்டுமே இருப்பின், வேண்டிய பரப்பில் பாதிதான் உள்ளது என்பது தெளிவு.

நாக்கோவா, தள்ளு சன்னலா?

கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய சன்னலை நாம் ‘நாக்கோ’ என்கிறோம். பழையது என்று பலர் இதனை அகற்றிவிட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அலுமினியச் சன்னலைப் பொருத்துகின்றனர். நாக்கோவின் பட்டைகளைக் கிடையாகத் திருப்பினால் ஏறத்தாழ முழுச் சன்னலும் திறந்ததாகும். தள்ளு சன்னலில் ஒரு கதவு மற்றொன்றின்மேல் நகர்வதால், பாதி எப்போதும் மூடியே இருக்கும். மேற்கூறிய 12 சதுர அடிச் சன்னல் தள்ளு சன்னலாயின், சட்டங்கள் மறைக்கும் இடத்தையும் கழித்தால், திறப்பு 6 சதுர அடிக்கும் குறைந்துவிடும். புழுக்கத்தின் காரணம் இதுவே.

நாக்கோவிலும் குறைகள் உண்டு. பலத்த மழையில் இடுக்குகள் வழியே சாரல் புகும். பட்டைகளை வெளியிலிருந்து உருவிவிடவும் கூடும். ஆயினும் உடைந்த பட்டைகளையும் பிடிகளையும் மட்டும் மாற்றி, புகைபிடித்த கண்ணாடியைக் கழுவித் துடைத்தாலே பல சன்னல்கள் மீண்டும் பயன்தரும். புதிதாகத்தான் வேண்டுமெனில், கதவுபோல் வெளிப்புறமாக முழுதும் திறக்கும் இரட்டைச் சன்னலைத் தேர்ந்தெடுத்தல் நலம். கொசுவலை காற்றை ஓரளவு தடுக்கும். ஆதலால் வலை பொருத்துவோர் திறப்பைச் சற்றுப் பெரிதாக அமைத்தல் வேண்டும்.

காற்றோட்டம் வெறும் சுகத்துக்காக மட்டுமன்று. காச நோய்க் கிருமிகள் காற்றின் வழியே பரவுபவை. அடைபட்ட அறையில் அவை நெடுநேரம் மிதந்து நிற்கும். காற்று மாறிக்கொண்டே இருக்கும் அறையில் கலைந்து குறையும்.

ஒளி வேண்டும், வெப்பம் வேண்டா

நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நம் நாட்டில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கின்றது. ஆதலால் வடக்கு, தெற்குச் சுவர்களில் உள்ள சன்னல்களுக்குக் கூரையின் நீண்ட இறவாரமே பெரும்பாலும் போதிய நிழல் தரும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால், வெயில் இறவாரத்துக்கும் கீழே புகுந்துவிடும். புதிய சன்னல் வைக்க இடமிருப்பின் வடக்கும் தெற்குமே சிறந்தவை.

வரிசை வீடுகளில் இத்தகைய தெரிவு இல்லை. முன்புறமும் பின்புறமுமே நமக்குரியவை. மேற்கு நோக்கிய சன்னலுக்கு வெளிப்புறத்தில் மூங்கில் திரையோ சாய்வுத் தடுப்போ அமைக்கலாம். உட்புறத் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றாது. வெப்பத்தைச் சன்னலுக்கு வெளியிலேயே நிறுத்துவதே அறிவுடைமை.

நடுவறையின் இருள்

சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தொலைவு வரையே பகலொளி பயன்படும் அளவில் அறைக்குள் செல்லும். விளிம்பு 7 அடி உயரமெனின், ஒளி 14 முதல் 17.5 அடி வரை எட்டும். ஆகவே ஒளி உள்ளே செல்வதற்குச் சன்னலை அகலமாக்குவதைவிட உயரமாக்குவதே பயன்தரும். அதற்கும் உள்ளேயிருக்கும் நடுவறைக்கு, தடுப்புச் சுவரின் மேற்பகுதியிலும் கதவின் மேலும் திறப்பு விடுதல் வேண்டும். ஒளியோடு காற்றும் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குச் செல்ல அது வழிசெய்யும்.

சாயத்தின் நிறமும் உதவும். வெண்சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்புகின்றது. கரும்பச்சையும் காப்பி நிறமும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே மேற்கூரையின் உட்புறத்துக்கும், சன்னலுக்கு எதிரேயுள்ள சுவருக்கும் வெண்மையோ இளமஞ்சளோ பூசுக.

ஆபத்தை அறிந்து பணி செய்க

முதலாவது: செங்கற்சுவரை உடைத்துச் சன்னலைப் பெரிதாக்கும்போது, மேலே உள்ள சுமையைத் தாங்க மேல்விட்டம் வேண்டும். பலகை வீட்டில் கூரையைத் தாங்கும் கால்களை அறுத்தலாகாது. அனுபவமுள்ள கொத்தனாரையோ தச்சரையோ கலந்தே தொடங்குக. நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடெனின் நிர்வாகத்தின் இசைவும், சொந்த வீடெனின் ஊராட்சி மன்றத்தின் விதிகளும் முன்னதாகவே கேட்டறியப்படல் வேண்டும்.

இரண்டாவது: ஒளிபுகும் கூரைத்தகடு ஒன்றைப் பதிக்க விரும்புவோர், பழைய கூரை எதனால் ஆனதென்று முதலில் அறிக. அது கல்நார் கலந்த தகடாயின் அறுத்தலும் துளையிடுதலும் கூடா. கல்நார்த் தூசு நுரையீரலில் புகுந்து, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை விளைவிக்க வல்லது. அத்தகடுகளும் ஒளிபுகும் தகடுகளும் ஆள் மிதித்தால் உடையக்கூடியவை. அவற்றின்மேல் ஏறுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்றாவது: பழைய சன்னற் சட்டங்களின் சாயத்தில் காரீயம் கலந்திருக்கலாம். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்காதீர்கள். நீரில் நனைத்துத் தேய்த்து, சிறுவர்களை அப்பால் நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

நான்காவது: திருடருக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களுக்கும் அசையாத இரும்புக் கம்பி அடித்துவிடுகிறோம். நள்ளிரவில் வாசற்பக்கம் தீப்பற்றினால் உள்ளிருப்போர் எவ்வழியே வெளியேறுவர்? படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு சன்னற் கம்பியேனும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். அதன் சாவி அருகிலேயே, சிறுவர்களும் அறிந்த இடத்தில் தொங்குதல் வேண்டும்.

எதனை முதலில் செய்வது?

கையில் பணம் குறைவாயின் வரிசை இதுவாகட்டும். சன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்துங்கள், இதற்குச் செலவில்லை. அடுத்துக் கண்ணாடியைக் கழுவுங்கள். பின்னர் வெண்சாயம் பூசுங்கள். அதற்குப் பின்னரும் இருள் தீரவில்லையெனின், அளவுகோலை எடுத்துத் தரைப் பரப்பையும் சன்னல் பரப்பையும் திறப்பையும் அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எத்தனை வகைச் சன்னல்களைக் காட்டினாலும், “இது எவ்வளவு திறக்கும்?” என்று கேட்ட பின்னரே பணத்தை எடுங்கள்.