ருசி பார்க்கும் சில்லு

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2018இல் பாகங்கள் வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி. பென்ஷன் கணக்கு, பேத்தியோடு வீடியோ அழைப்பு எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11 ஏற்றலாமா என்று சோதித்தால், தகுதி இல்லை என்கிறதாம். சர்வீஸ் கடையில் போய்க் கேட்டால், “சார், இதைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கிடுங்க” என்றார்களாம். நன்றாக ஓடுகிற மிஷினில் என்ன குறை என்று கேட்கிறார்.

அநேகமாக ஒரு குறையும் இருக்காது.

விண்டோஸ் 10க்கு எல்லோருக்கும் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தியது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை. விண்டோஸ் 11 கேட்கிற 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எல்லாம் பழைய கணினிகளே எளிதில் தாண்டிவிடும். (4 ஜிபியில் ஓடும் என்பது ஏட்டுச் சுரைக்காய். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் ஏற்றாதீர்கள்.) இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று பிராசஸர்: பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தியது வேண்டும். இந்தக் கோட்டுக்கு ஒரு வேடிக்கையான விலக்கும் உண்டு. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல் இருப்பது ஏழாம் தலைமுறை பிராசஸர். அதுவும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. தன் வீட்டுப் பிள்ளைக்குக் கதவு தானாகத் திறக்கும் போலிருக்கிறது.

இரண்டாவது டிபிஎம் 2.0. இதைப் பற்றித்தான் நிதானமாகப் பேச ஆசை.

மதர்போர்டில் இது ஒரு சின்னஞ்சிறு சில்லு. பல கணினிகளில் தனிச் சில்லாகக்கூட இல்லாமல், பிராசஸருக்குள்ளேயே குடியிருக்கிறது. 2003இல் உருவான டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற நிறுவனக் கூட்டமைப்பு இதற்கு விதிமுறை வகுக்கிறது. 2.0 பதிப்பு வெளியானது 2014இல். ரகசியச் சாவிகளைக் காப்பது இதன் வேலை என்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் 24 பதிவேடுகள்.

அவற்றில் நினைத்த எண்ணை யாராலும் எழுத முடியாது. விண்டோஸால் முடியாது, வைரஸால் முடியாது, கணினியின் சொந்தக்காரராலும் முடியாது. கலக்க மட்டுமே முடியும். கணினியைப் போட்டதும், தொடக்கத்தைக் கண்காணிக்கும் பதிவேடுகள் பூஜ்ஜியத்தில் நிற்கும். முதலில் ஓடும் நிரல், தனக்கு அடுத்து ஓடப்போவதை அளந்து, ஹாஷ் என்னும் கைரேகை எண்ணாக்கி டிபிஎம்மிடம் கொடுக்கும். டிபிஎம் அதை அப்படியே குறித்துவைக்காது. ஏற்கெனவே உள்ள எண்ணின் வாலில் ஒட்டி, சேர்த்து மறுபடி ஹாஷ் செய்து, வரும் விடையைப் பழைய எண்ணின் இடத்தில் வைக்கும். அடுத்த நிரல் அதற்கடுத்ததை அளக்கும், மறுபடி கலவை. கலந்ததைப் பிரிக்க வழியில்லை, வரிசை மாறினால் விடையும் மாறிப்போகும்.

என் பெரியம்மா அடுப்படிப் பக்கமே வராமல், ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, “பருப்புத் தண்ணிய ஊத்தினப்புறம் கொதிக்க விட்டுட்டியாடி?” என்று மருமகளைக் கேட்பார். யார் எதை எப்போது போட்டார்கள் என்று அவர் பார்த்ததில்லை, ருசி சொல்லிவிடும். டிபிஎம்மும் இப்படி ருசி பார்க்கிற ஆள்தான். வட்டைத் திறக்கும் சாவியை, ‘பதிவேட்டில் இந்த எண் வந்தால் மட்டும் கொடு’ என்று அதனிடம் ஒப்படைத்திருப்பார்கள். அளக்கப்பட்டவற்றில் ஒரு துளி மாறியிருந்தாலும் எண் வேறாகும், சாவி வெளியே வராது.

சரி, ஆசிரியரின் கணினிக்கு வருவோம். 2018 என்பதால் எட்டாம் தலைமுறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். பூட்டிய கணினிகளில் இது சகஜம். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி, ‘எனேபிள்’ என்று மாற்றினால் போதும். வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான கருவி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது, ஃபார்மட் தேவையில்லை. ஆனாலும் முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

ஒரு சுவிட்சைத் தட்டாமல் ஒரு கணினியையே தள்ளச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதால் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. உண்மையிலேயே தகுதி இல்லாதவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றினால் வங்கி வேலைக்கும் வீடியோ அழைப்புக்கும் தாராளம். சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்குவழிகளும் உண்டு. ஆனால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, ‘பாப்கவுன்ட்’ என்ற கட்டளையை அறியாத மிகப் பழைய பிராசஸர்களில் எழுந்திருப்பதே இல்லை. வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஏற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்ளும். பிறகு பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ டிபிஎம்முக்கு ருசி மாறிவிடக்கூடும். அப்போது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி நீங்கள் நுழைந்த கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சில கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் மின்னஞ்சலையே போட்டுக் கணக்குத் திறந்துவிடுகிறார்கள். பேத்தியின் புகைப்படங்களுக்கான சாவி கடைக்காரரிடம்! உங்கள் கணக்கில்தான் நுழைந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சாவியை டைரியில் எழுதுங்கள். எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஆறு இலக்கங்கள். ஒவ்வொரு குழுவும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். எழுதிய பிறகு வகுத்துப் பாருங்கள், மீதி வருகிற குழுவில் ஏதோ ஒரு இலக்கம் தப்பு.