பப்படத்தில் பிறந்த செவ்வகம்

திருவனந்தபுரம் கரமனையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. ஒரு வடிவத்தை நகர்த்தினாலோ சுழற்றினாலோ பரப்பளவு மாறுமா என்பது முதல் கேள்வி. 7 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பளவு என்ன என்பது அடுத்தது. மாறாது என்று முதலாவதற்கு எழுதிவிட்டாள். இரண்டாவதற்கும் 154 என்று சரியாகவே போட்டிருந்தாள்.

"எப்படி வந்துச்சு?"

"பை ஆர் ஸ்கொயர், மாமா."

"அது ஏன் பை ஆர் ஸ்கொயர்?"

பதில் இல்லை. முதல் கேள்விக்கு அவள் எழுதிய விடைக்குள்தான் அந்தப் பதில் இருந்தது.

சமையலறையிலிருந்து பொரிக்காத பப்படம் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். கேரளப் பப்படம் கத்தரிக்கோலுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். நடுவிலிருந்து விளிம்புவரை பதினாறு சம துண்டுகளாக வெட்டினோம். எட்டுத் துண்டுகளைக் கூர்முனை மேலே இருக்கும்படி வரிசையாக வைத்தோம். மற்ற எட்டையும் தலைகீழாகத் திருப்பி இடைவெளிகளில் செருகினோம். சாய்ந்து நின்ற கடைசித் துண்டை இரண்டாகக் கீறி, ஒரு பாதியை எதிர்ப்பக்கம் ஒட்டியதும் ஏறக்குறைய ஒரு செவ்வகம் வந்துவிட்டது. நகர்த்தியதும் சுழற்றியதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆகவே பரப்பளவு அதேதான். செவ்வகத்தின் அகலம் வட்டத்தின் ஆரம். நீளம் சுற்றளவில் பாதி. 7 செ.மீ. ஆரத்துக்குச் சுற்றளவு 44, பாதி 22. 22-ஐ 7-ஆல் பெருக்கினால் 154.

"ஆனா ஓரம் மேடும் பள்ளமுமா இருக்கே, மாமா?"

இதைவிட நல்ல கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு துண்டின் வளைந்த ஓரத்தையும் நேராக நறுக்கிவிட்டால் எவ்வளவு வீணாகும் என்று கணக்குப் போட்டோம். எட்டுத் துண்டுகளென்றால் சுமார் 15 சதுர செ.மீ. போகும். பதினாறு என்றால் சுமார் 4. முப்பத்திரண்டு என்றால் 1 மட்டுமே. துண்டுகளை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் பிழை ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்குகிறது. எவ்வளவு சிறியதாக வேண்டுமோ அவ்வளவு சிறியதாக்கலாம். நுண்கணிதத்தின் வாசல் இதுதான்.

இந்த வாசலைத் திறந்தவர்களில் கேரளத்துக் கணிதர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷை' இதே வேலையைச் செய்கிறது. வட்டத்தை இரண்டு பாதிகளாக்கி, ஒவ்வொன்றையும் மையத்திலிருந்து விளிம்பு அறாமல் கீறி, விரித்து, ஒன்றின் பற்களுக்குள் இன்னொன்றின் பற்களைக் கோக்கச் சொல்கிறது. யுக்தி என்றால் காரணம். சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நகராமல், அது ஏன் சரி என்று பாமர மொழியில் சொல்ல ஒருவர் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு என்ற விதி ஆரியபட்டரிடம் 499-லேயே இருக்கிறது. நம் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்திலும் அதே விதி உண்டு. ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதிய திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444) இன்னும் ஒரு படி மேலே போனார். விட்டத்தை மீதியின்றி அளக்கும் அலகால் சுற்றளவை மீதியின்றி அளக்கவே முடியாது என்றார். ஐரோப்பாவில் லாம்பர்ட் இதை நிரூபித்தது 18-ஆம் நூற்றாண்டில். தமிழ்நாட்டு வானியலர் சுந்தரராஜர் தம் ஐயங்களை நீலகண்டரிடம் கேட்டு விடை பெற்றிருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் 'ஏன்' என்று கேட்டிருக்கிறார்கள்.

நீலகண்டரின் அந்த ஆரியபட்டீய உரை 1930-இல் அச்சேறத் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். அதை வெளியிட்ட திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையை 1905-இல் தொடங்கியவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரி. ஓலைச்சுவடியில் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்த அந்தத் தலைமுறைக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லும் முன் ஒரு பப்படமும் கத்தரிக்கோலும் கொடுங்கள். முதலில் எட்டாக வெட்டட்டும், பிறகு பதினாறாக. ஓரம் ஏன் மேடுபள்ளமாக இருக்கிறது என்று பிள்ளை கேட்கும்வரை அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள்.