சொந்தக் கார் வாடகைக்கு: சட்டத்தின் கண்ணில் படாத மூன்றாமவர்

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: வெள்ளிக்கிழமை மாலையானால் புணே நகரிலிருந்து லோனாவாலா, மகாபலேஷ்வர் செல்லும் சாலைகளில் கார்கள் பெருகிவிடுகின்றன. அவற்றில் சில, ஓட்டிச் செல்பவருக்குச் சொந்தமானவை அல்ல. ஹிஞ்சவாடியிலோ பிம்ப்ரி-சிஞ்ச்வடிலோ வேறொருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரம் முழுவதும் நின்றிருந்துவிட்டு, செல்பேசிச் செயலி வழியாக இரண்டு நாள் வாடகைக்குப் புறப்பட்டவை.

மாதத் தவணை கட்டும் நடுத்தர வர்க்கத்துக்கு இது கவர்ச்சியான யோசனை. ஆனால், வெள்ளை நம்பர் பிளேட் பொருத்திய சொந்தக் காரை இப்படி வாடகைக்கு விடலாமா என்ற கேள்விக்கு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் நேரடியான விடை இல்லை. விடை இல்லாததன் சுமை முழுவதும் கார் உரிமையாளரின் தலையில்தான் விழுகிறது.

50 கார் இருந்தால்தான் உரிமம்

ஓட்டுநர் இல்லாமல் கார்களை வாடகைக்கு விடுவதற்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின் கீழ் 1989-இல் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி உரிமம் பெற, அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள 50 கார்களாவது வைத்திருக்க வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளுடன் ஓடும் கார்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இருசக்கர வாகனங்களுக்கு 1997-இல் தனித் திட்டம் வந்தது. அதற்குக் குறைந்தது 5 வாகனங்கள் தேவை.

ஒரேயொரு கார் வைத்திருப்பவருக்கு இந்தத் திட்டங்களில் இடமில்லை.

பெங்களூரில் 2013-இல் தொடங்கப்பட்ட ஜூம்கார் நிறுவனம், முதலில் தானே கார்களை நிர்வகித்து வாடகைக்கு விட்டது. பின்னர் தனிநபர்களின் கார்களைப் பட்டியலிடும் சந்தையாக மாறி, 2023 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. தொழில் வளர்ந்த வேகத்துக்குச் சட்டம் ஈடுகொடுக்கவில்லை.

2019 திருத்தம் சொன்னதும் சொல்லாததும்

ஓலா, உபேர் போன்ற செயலி நிறுவனங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது என்ற எதிர்க்கட்சிகளின் குரலும், உயர்த்தப்பட்ட அபராதங்களும்தான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

பயணத்துக்காக "பயணியை ஓட்டுநருடன்" இணைக்கும் டிஜிட்டல் இடைத்தரகர் அல்லது சந்தையே "ஒருங்கிணைப்பாளர்" என்கிறது அந்த விளக்கம். இத்தகைய நிறுவனம் மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும்.

காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிச் செல்பவர் விஷயத்தில் பயணியும் ஓட்டுநரும் ஒருவரே. வீட்டிலிருந்தபடி வாடகை பெறும் உரிமையாளர் அந்த இருவரில் ஒருவரும் அல்லர். அந்த மூன்றாமவரை இந்த விளக்கம் குறிப்பிடவே இல்லை.

புணேயில் தொடங்கிய வழக்கு

சொந்த வாகனத்தைச் செயலி வழியாக வருமானத்துக்குப் பயன்படுத்துவது குறித்த முக்கியமான சட்டப் போராட்டம் புணேயில்தான் தொடங்கியது. பைக் டாக்சி சேவைக்கு உரிமம் கோரிய ராபிடோ நிறுவனத்தின் விண்ணப்பத்தை, புணே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் 2022 டிசம்பர் 21-இல் நிராகரித்தது. நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. உரிமம் இல்லாமல் சேவை நடத்தக் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்புடன் கூறியதால், 2023 ஜனவரி 13-இல் சேவை நிறுத்தப்பட்டது.

அதே மாதம் 19-இல், போக்குவரத்து அல்லாத வகையில் பதிவான வாகனங்களை ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் பயன்படுத்த மகாராஷ்டிர அரசு தடை விதித்தது. பிப்ரவரி 7-இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்கு நிவாரணம் அளிக்க மறுத்து, அரசின் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலேயே முறையிடலாம் என்று கூறிவிட்டது.

பின்னர் காட்சி மாறியது. மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், சொந்த உபயோகத்துக்குப் பதிவான இருசக்கர வாகனங்களைப் பயணிகளுக்காகப் பயன்படுத்த மாநிலங்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்றன. மகாராஷ்டிரமோ அதே ஆண்டில் மின்சார பைக் டாக்சிகளுக்கு மட்டும் வழிவிட்டது. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசு திறந்த கதவை மாநிலம் பாதி மூட முடிகிறது.

விபத்து நேர்ந்தால்...

தனிநபர் கார்களுக்கான காப்பீட்டு பாலிசிகளில், வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறுகிறது. அதை மீறினால், சொந்த வாகனச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். சாலையில் அடிபட்ட மூன்றாம் நபரின் நிலையும் சிக்கலானது. பெர்மிட் இல்லாமல் ஓடிய லாரி தொடர்பான வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெர்மிட் இல்லாதது அடிப்படையான விதிமீறல் என்றது. காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவையும் உறுதி செய்தது. வாடகைக் காருக்கும் இதே அளவுகோல் பொருத்தப்பட்டால், சில ஆயிரம் ரூபாய் வாடகைக்கு ஆசைப்பட்டவர் பல லட்சம் ரூபாய் கடனாளி ஆகக்கூடும்.

தண்டனையும் உண்டு. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வாகனத்தின் பதிவை 4 மாதங்கள் வரை நிறுத்திவைக்கச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இடமளிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பெர்மிட் விதியை முதல் முறை மீறினாலே ரூ.10 ஆயிரம் அபராதத்துடன் 6 மாதங்கள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம்.

கேரளத்தின் ஆலப்புழையில் 2024 டிசம்பர் 2-இல் நேரிட்ட விபத்தில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 6 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சென்றது தனிநபர் ஒருவரின் கார். தனியார் வாகனங்களைப் பணத்துக்காகப் பிறருக்குக் கொடுப்பது சட்டவிரோதம் என்று கேரள மோட்டார் வாகனத் துறை அதன் பிறகு எச்சரித்தது. அங்கும் சட்டம் பேசியது உயிர்கள் போன பிறகுதான்.

வரித் துறைக்கு மட்டும் தெரிகிறது

வேடிக்கை என்னவென்றால், மோட்டார் வாகனச் சட்டம் காணாத இந்த உரிமையாளரை வருமான வரிச் சட்டம் கண்டுகொண்டது. இணையவழிச் சந்தைகள் தம் மூலம் விற்பவருக்கும் சேவை அளிப்பவருக்கும் சேரும் தொகையில் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்று 2020 அக்டோபரில் விதி நடைமுறைக்கு வந்தது. 1 சதவீதமாக இருந்த பிடித்தம், 2024 அக்டோபரில் 0.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமானத்தை அங்கீகரிக்கும் அரசு, அந்த வருமானம் வரும் வழியை அங்கீகரிக்கத் தயங்குகிறது.

சுற்றுலாத் துறையிலும் இதே முரண். மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. ஆனால், சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த கேரவனை, அமெரிக்கர்கள் ஆர்விஷேர், அவுட்டோர்சி போன்ற இணையதளங்களில் செய்வதைப்போல ஓய்வு நாள்களில் பிறருக்கு வாடகைக்கு விட முயன்றால், இங்கும் அதே பெர்மிட் கேள்வி குறுக்கே நிற்கும்.

கலிஃபோர்னியா காட்டிய வழி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2010-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. கார் பிறரிடம் இருக்கும் நேரத்தில் பொறுப்பு பகிர்வு நிறுவனத்தின் காப்பீட்டைச் சேரும். இதைக் காரணம் காட்டி உரிமையாளரின் பாலிசியை ரத்து செய்யக் கூடாது. ஆண்டு வாடகை வருமானம் காரைப் பராமரிக்கும் ஆண்டுச் செலவைத் தாண்டாதவரை அது வணிக வாகனம் ஆகாது. சிறு உரிமையாளரையும் பெரு வணிகத்தையும் பிரித்துப் பார்க்கும் கோடு இது.

டாக்சி உரிமையாளர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெர்மிட், தகுதிச் சான்று, வணிகக் காப்பீடு என்று அவர்கள் செலவிடுகிறார்கள். அந்தச் செலவு இல்லாத வெள்ளைப் பலகைக் கார் அவர்களுடன் போட்டியிடுவது நியாயமல்ல என்ற வாதத்தில் வலு இருக்கிறது. எத்தனை நாள், எவ்வளவு வருமானம் வரை, யாருடைய காப்பீட்டில் என்று வரம்பு வகுத்தால் இரு தரப்புக்கும் வழி பிறக்கும்.

இதை முறைப்படுத்துவதா, தடை செய்வதா என்பது மத்திய அரசும் மாநிலங்களும் எடுக்க வேண்டிய கொள்கை முடிவு. எதுவானாலும் அது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதுவரை சாவியை அந்நியரிடம் கொடுப்பவர், செயலியில் தெரியும் வாடகைத் தொகையைப் பார்ப்பதற்கு முன் தமது காப்பீட்டு பாலிசியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.