வேட்டைக்கு ஸ்கோப் தேடுவோர் முதலில் அறிய வேண்டியவை

துப்பாக்கியின் மேல் பொருத்தி, தொலைவிலுள்ள இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய் வடிவத் தொலைநோக்கியான ஸ்கோப், இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் எழுதப்பட்ட விளம்பர வாசகம் அப்படியே இங்கும் ஒட்டப்படுவதால், அது எந்த வேட்டைக்கு உகந்தது, எத்தனை கஜத்திற்கு ஏற்றது என்றெல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. அதை நம்பி ஏர் கன்னும் ஸ்கோப்பும் வாங்கும் இளைஞர்கள், ஏரிக்கரையில் மடையானையும் காட்டோரத்தில் கவுதாரியையும் முயலையும் சுட்டு, அதைக் காணொளியாகவும் வெளியிட்டு, வனத்துறையினர் வந்து நிற்கும்போது ‘ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லையே’ என்று சொல்வது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. துப்பாக்கியை வைத்திருப்பதை ஒரு சட்டமும், அதைக் கொண்டு விலங்கைச் சுடுவதை வேறொரு சட்டமும் ஆள்கின்றன என்பதை அறியாமையே இதற்குக் காரணம்.

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்திற்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குழல்வாயிலிருந்து வெளியேறும்போது பெல்லட் எனப்படும் ஈயக்குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் தேவை. எனவே 0.22 விட்டமுள்ள ஏர் ரைபிளை ‘ஏர் கன்தானே’ என்று வாங்கி வைப்பவரும், ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டுபவரும் ஆயுதச் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுகின்றனர். விட்டமும் ஆற்றலும் குறிப்பிடப்பட்ட ரசீதை வாங்கி, துப்பாக்கியோடு அதன் நகலையும் வைத்திருப்பது நல்லது.

இந்த விலக்கு துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமே உரியது, வேட்டைக்கு அன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, உரிமம் பெற்று வேட்டையாட முதலில் இடமளித்திருந்து, 1991-இல் திருத்தப்பட்டபோது அந்த வழியை அடைத்துவிட்டது. அட்டவணை 1, அட்டவணை 2 ஆகியவற்றில் உள்ள எந்த உயிரினத்தையும் வேட்டையாடக் கூடாது என்பதே பிரிவு 9. கொல்வது மட்டுமன்றிப் பிடிப்பது, காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, நஞ்சிடுவது ஆகியவையும், இவற்றுக்கான முயற்சியும் வேட்டை என்றே சட்டம் வரையறுப்பதால், குறி தவறியது என்பது தற்காப்பு வாதமாகாது. பொதுவான மீறலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மயில் போன்ற அட்டவணை 1 உயிரினமாயின் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. குற்றத்திற்குப் பயன்பட்டுப் பறிமுதலான ஆயுதமும் வாகனமும் பிரிவு 39-இன்படி மாநில அரசின் சொத்தாகிவிடுகின்றன. வேட்டைக் காணொளியை வெளியிடுவோர் தமக்கெதிரான சாட்சியத்தைத் தாமே எழுதிக் கொடுக்கின்றனர் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆக, இந்தியாவில் உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி, எத்தகைய வேட்டை என்பதன்று. எத்தனை மீட்டரில் உள்ள அட்டை இலக்கு என்பதே. பிள்ளையைப் போட்டிக்குத் தயார்செய்யும் பெற்றோர் ஸ்கோப்பே வாங்க வேண்டியதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது; சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும், உருப்பெருக்கமற்ற பீப் சைட் மட்டுமே அங்கு ஏற்கப்படுகிறது. வாங்குவதற்கு முன் மாவட்ட ரைபிள் கிளப்பில் விசாரித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

பொழுதுபோக்காக இலக்குப் பயிற்சி செய்வோருக்கு 4×32 என்ற குறியீடே பெரும்பாலும் போதும். முதல் எண், காட்சி எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பதையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32-ஐ 4-ஆல் வகுக்க 8 மில்லிமீட்டர். 3-9×40 வகையில் ஒன்பது மடங்குக்குத் திருகினால் இது ஏறத்தாழ 4.4 ஆகச் சுருங்கி, காட்சி மங்குவதோடு கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆகவே மடங்கு கூடக்கூடச் சிறப்பு என்ற நம்பிக்கை தவறானது.

இதைவிட முக்கியமானது பேரலாக்ஸ் எனப்படும் இடமாறு தோற்றப் பிழை. கண்ணைச் சற்று அசைத்தாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும் இப்பிழை, குண்டுத் துப்பாக்கிக்கான பல ஸ்கோப்புகளில் 100 கஜத் தொலைவில்தான் நீக்கப்பட்டிருக்கிறது. பத்து மீட்டரில் அத்தகைய ஸ்கோப் வழியே பார்த்தால் இலக்கும் தெளியாது, குறியும் நிற்காது. முன்வில்லையையோ பக்கத் திருகையோ சுழற்றி, 10 மீட்டர் வரை சரிசெய்யக்கூடிய வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது அதிர்வு. ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளில் விசையை இழுத்தவுடன் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுவதால் துப்பாக்கி பின்னுக்குப் போகிறது. பிஸ்டன் காற்றறையின் முனையில் நின்றவுடன் துப்பாக்கி முன்னுக்கு உதைக்கிறது. பின்னுதைப்பை மட்டுமே தாங்கும்படி செய்யப்பட்ட ஸ்கோப்பின் உள்வில்லை இந்த இரட்டை உதையில் கழன்று, குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே எழுதிய ஸ்கோப்பையும், பின்னே நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் உள்ள மவுண்டையும் வாங்க வேண்டும். ஏர் ரைபிள்களில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் பள்ளமே இருப்பதால், அகலத் தண்டவாளத்திற்கான மவுண்ட் பொருந்தாது.

பொருத்திய பின் ஜீரோ செய்ய வேண்டும். அதாவது குறுக்குக்கோடும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். திருகின் ஒரு கிளிக், எம்.ஓ.ஏ. எனப்படும் கோண அளவில் கால் பங்கு என்று எழுதியிருந்தால், பத்து மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான நகர்வே. குண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் படுமாயின் ஏறத்தாழ நாற்பது கிளிக் திருக வேண்டும். நாலைந்து கிளிக்கில் மாற்றம் தெரியவில்லை என்று ஸ்கோப் பழுது என முடிவுகட்டுவோர் பலர்.

ஸ்கோப்பை வெறும் தொலைநோக்கியாகப் பயன்படுத்தி எதிர்வீட்டையோ தெருவில் போகிறவரையோ பார்ப்பது கொடிய பழக்கம். ஸ்கோப் திரும்பும் இடத்திற்கெல்லாம் குழல்வாயும் திரும்புகிறது. ஈயக்குண்டு கண்ணைப் பறிக்கும்; அருகிலிருந்து பட்டால் உயிரையும் எடுக்கும். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-இன் கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடோ மணல்மூட்டையோ இல்லாத மொட்டைமாடியில் பயிற்சி செய்யவே கூடாது.

வாங்கிய ஸ்கோப் பழுதானது என்றால் நுகர்வோருக்குத் தெளிவான வழி இருக்கிறது. ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி ஆகியவற்றுடன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். மின்வணிக விதிகள் 2020-இன்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; அதற்கும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டாண்டுக் காலவரம்பைத் தவறவிடக் கூடாது.

காட்டுப்பன்றியால் பயிரை இழந்து, வேறு வழியின்றித் துப்பாக்கியையும் ஸ்கோப்பையும் நாடும் விவசாயியின் நிலை தனியாகக் கருதத்தக்கது. அவரது கோபம் நியாயமானது. ஆனால் அவர் கையிலெடுக்கும் வழி அவரையே சிறைக்கு அனுப்பும். பயிர்ப் பாதுகாப்புக்கென ஆயுத உரிமம் கோர முடியும். படிவம் ஏ-1-இல் மாவட்ட ஆட்சியருக்கு, மாநகரமாயின் காவல் ஆணையருக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ஆயினும் அந்த உரிமம் விலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது. மனித உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட அட்டவணை 2 விலங்கைக் கொல்ல, பிரிவு 11-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். வாய்மொழியாக ‘சுட்டுக்கொள்ளுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது உத்தரவு ஆகாது.

தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்த நடைமுறையில், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே செய்ய வேண்டும். விவசாயி சுடுவதற்கு இதில் இடமே இல்லை. மின்வேலியும், அவுட்டுக்காய் எனப்படும் வெடிமருந்து வைத்த இரையும் சுடுவதைவிட ஆபத்தான குற்றங்கள். அவற்றுக்கு இரையாவது பன்றி மட்டுமன்று, இரவில் வரப்பில் நடக்கும் மனிதரும் யானையும்தான்.

எனவே பயிர் அழிந்த அன்றே செய்ய வேண்டியவை வேறு. சேதத்தை, கால்தடம் தெரியும்படியும் நிலத்தின் அடையாளம் தெரியும்படியும், தேதியுடன் படமெடுக்க வேண்டும். சேதமான பயிரை அலுவலர் பார்வையிடும் முன் அகற்றிவிடக் கூடாது. நில உரிமையைக் காட்டும் பட்டா அல்லது சிட்டா, நடப்புப் பருவத்தில் எந்தப் பயிர் எத்தனை பரப்பில் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுக்க வேண்டும். அடங்கலில் பயிர் பதியப்படாமல் விடுபட்டிருந்தால் மனு நின்றுபோகக்கூடும். விதைத்தவுடனேயே பதிவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் கொண்ட ஒப்புகை பெறாமல் அலுவலகத்தை விட்டு வெளியேறக் கூடாது. ஒப்புகை இல்லாத மனு கொடுக்கப்படாத மனுவுக்குச் சமம்.

வனத்துறை வருவாய்த்துறையிடம் போகச் சொல்வதும், வருவாய்த்துறை வேளாண்துறையிடம் போகச் சொல்வதும், அதற்குள் வயல் அடுத்த உழவுக்குப் போய்விடுவதும் வழக்கமாகிவிட்டன. ஒரு விவசாயியை ஸ்கோப் விளம்பரத்தின் பக்கம் தள்ளுவது இந்த அலைக்கழிப்பே என்பதை அலுவலர்கள் உணர்வதாகத் தெரியவில்லை. மனு நகர்ந்ததா என்பதை அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் வனத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும், முதல்வரின் உதவி எண் 1100-இலும் மனு எண்ணைக் குறிப்பிட்டு முறையிடலாம். தனியாகக் கொடுப்பதைவிட, அடுத்தடுத்த வயல்களின் சொந்தக்காரர்கள் ஒரே நாளில் தனித்தனி மனுக்களாகக் கொடுத்தால் கூட்டுப் பார்வையிடலைத் தள்ளிப்போடுவது அலுவலர்களுக்குக் கடினமாகும்.

ஸ்கோப் வாங்கும் பணத்தை எடுத்து வைத்திருக்கும் விவசாயி, அதைச் செலவழிக்கும் முன் தம் அடங்கலை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.