விலைப்பட்டியலில் விட வேண்டிய இடம்

நம்மில் பலர் இன்று விலைப்பட்டியலைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறோம். அதில் நான் பட்ட ஒரு அனுபவத்தை எழுதுகிறேன். விஷயம் சிறியதுதான், ஆனால் எனக்கு 3,000 ரூபாய் செலவு வைத்தது.

எங்கள் கடையில் நாற்பது சரக்கு. எல்லாம் ஒரே தாளில் அடங்கட்டும் என்று வரிசைகளை நெருக்கி அடித்திருந்தோம். துவரம் பருப்பு முதல் ரகம். அதன் கீழேயே இரண்டாம் ரகம். கிலோவுக்கு 6 ரூபாய் வித்தியாசம். வெளியூர்ச் சில்லறை வியாபாரி ஒருவர் பெயரை மேல் வரியிலும் விலையைக் கீழ் வரியிலும் படித்துவிட்டு, முதல் ரகத்தில் 50 கிலோ மூட்டை பத்து எடுத்தார். பில்லைப் பார்த்ததும் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க லிஸ்ட்டுல போட்ட விலை வேற, பில்லுல போட்ட விலை வேறயா?" என்றார்.

பல வருட வாடிக்கை. தாளை எடுத்துப் பார்த்தேன். எனக்கே வரி தடுமாறியது. குறை அவர் கண்ணில் இல்லை, என் தாளில்தான். 500 கிலோவுக்கான வித்தியாசத்தைக் கழித்துக் கொடுத்தேன்.

பிறகு பேரனை உட்கார வைத்துக் கற்றுக்கொண்டேன். கட்டத்தின் கோட்டுக்கும் அதனுள் இருக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடம் ஒன்று. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள இடம் வேறு. டப்பாவுக்குள் சரக்கைச் சுற்றி விடும் இடமும், டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவே விடும் இடமும் போல. நமக்கு வேண்டியது முதலாவது.

மைக்ரோசாப்ட் வேர்டில் அட்டவணைக்குள் கிளிக் செய்தால், மேலே அட்டவணைக்கான 'லேஅவுட்' வரும். அதில் 'செல் மார்ஜின்ஸ்' அழுத்துங்கள். பக்கவாட்டில் 0.19 செ.மீ. இருக்கும், மேலும் கீழும் சைபர். நெருக்கத்துக்கு இந்த சைபர்தான் காரணம். மேலே 0.1, கீழே 0.1 என்று போடுங்கள். பக்கவாட்டு இடத்தைக் குறைக்காதீர்கள். கோட்டோடு ஒட்டிய 1, கோடு போலவே தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். கட்டங்களுக்கு நடுவே இடம் விடும் வசதியும் அங்கேயே உண்டு. அதைப் போட்டால் கோடுகள் இரட்டையாகி, தாளும் வீணாகும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'டேபிள் பிராப்பர்ட்டீஸ்', 'பார்டர்ஸ்' என்று போனால் 'பேடிங்' இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று கட்டிப் போட்டால், இடம் போதாதபோது நம் எழுத்தின் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். 'அட் லீஸ்ட்' என்றே வையுங்கள்.

வரிசைக்கு 0.2 செ.மீ. கூடினால் நாற்பது வரிசைக்கு 8 செ.மீ. பட்டியல் இரண்டாம் தாளுக்குப் போகும். போகட்டும். 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்தால் தலைப்பு வரிசை அங்கேயும் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், இல்லையென்றால் அடுத்தவர் செல்போனில் எழுத்தும் கட்டமும் மாறலாம்.

தாளில் அச்சடித்துக் கொடுத்த விலை, வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்குச் சமம். அதைப் படிப்பவர் தடுமாறாமல் படிக்கும்படி கொடுப்பது நம் கடமை. ஒரு தாளை மிச்சம் பிடிக்கப் போய் வாடிக்கையாளரை இழக்க வேண்டாம்.