மீன் குழம்புக்கு எந்தச் சட்டி?

காசிமேட்டு மீனில் வைத்த குழம்பு மறுநாள்தான் ருசி என்பது ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் நமக்குத் தெரிந்ததே. அது இரவெல்லாம் எந்தச் சட்டியில் இருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

புளி அலுமினியத்தை அரிக்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரமானால் அதில் காரீயமும் கலந்திருக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் குடியேறிய ஆப்கன் அகதிக் குழந்தைகள் பலரின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்தது. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது போன்ற அலுமினியப் பாத்திரங்களிலிருந்து அது உணவில் இறங்கக்கூடும் என 2022ல் வெளியான ஆய்வு காட்டியது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல வரம்பே இல்லை.

எனவே புளிக்குழம்புக்கு அடிகனமான எவர்சில்வர் பாத்திரமோ, பளபளப்புப் பூச்சு இல்லாத மண்சட்டியோ வாங்குவோம். புது மண்சட்டியைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, கேஸ் அடுப்பில் சிறு தீயில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். வெறும் சட்டியைக் காய வைப்பதும், சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் வேண்டாம், விரிசல் விடும். குழம்பு கொட்டித் தீ அணைந்தால் கேஸ் கசியும்.

வீட்டில் இருப்பது அலுமினியச் சட்டி மட்டும்தான் என்றால், இறக்கியதுமே குழம்பை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுவோம். மறுநாள் ருசி அப்படியேதான் இருக்கும்.