சக்கைத் தூசியும் சட்டப் புத்தகமும்

கரும்பின் சாறு சர்க்கரையாகி ஊரெங்கும் போகிறது. சாறு போனபின் எஞ்சும் சக்கை எங்கே போகிறது? பாய்லருக்குப் போகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கு, அள்ளிப்போடும் தொழிலாளியின் மார்புக்குள்ளும் போகிறதே, தோழர்களே, அதைச் சொல்வார் உண்டா?

தருமபுரி மாவட்டத்திலே பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில், சுப்பிரமணிய சிவாவின் பெயரில் மற்றொன்று. இவை போக வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் கால் டன்னுக்கு மேல் சக்கை. ஆலைக்கு அது எரிபொருள். வெல்லக் கொப்பரைக்கு அது விறகு. காகித ஆலைக்கு அது மூலப்பொருள். குவிக்கவும், அள்ளவும், லாரியில் ஏற்றவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மவர்.

பிழிந்தெடுத்த புதுச் சக்கையால் இந்த நோய் வருவதில்லை. அதில் ஏறத்தாழப் பாதி ஈரம். கொஞ்சம் இனிப்பும் மிச்சம். மலைபோல் குவித்து வைத்தால் உள்ளே சூடேறுகிறது, பூசணம் பிடிக்கிறது. அந்தச் சூட்டிலே ஒருவகைக் கிருமி செழித்து வளர்கிறது. தெர்மோஆக்டினோமைசிஸ் சக்காரி என்று அதற்குப் பெயர். பழைய போர் காய்ந்தபின் கிளறினால் கிருமியின் வித்துக்கள் தூசியாய்ப் பறக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் அதன் அளவு. மூக்கு தடுக்காது, முகத்தில் கட்டிய துண்டும் தடுக்காது. நேரே நுரையீரலின் அடியாழத்துக்கே போய்விடும்.

உடல் அந்தத் தூசியை எதிரியாகக் கருதிப் போரிடுகிறது. அந்தப் போரிலே வீங்கிப் புண்ணாவது நம் நுரையீரல்! இது ஒட்டுவாரொட்டி அல்ல. வேலைத்தலத்திலே வாங்கி வரும் நோய்.

அடையாளம் என்ன? தூசியில் நின்ற 4 முதல் 8 மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சு முட்டல். ஓரிரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் தணிந்துவிடும். மறுபடி போனால் மறுபடி வரும். “சளிக்காய்ச்சல்” என்று மாத்திரை தருகிறார்கள். சில வேளை காசநோய் என்றே எண்ணி மருந்து தருகிறார்கள். தூசியோ நிற்கவில்லை! ஆண்டுகள் போனால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படுகிறது, எடை குறைகிறது, நாலு படி ஏறினால் மூச்சிரைக்கிறது. தழும்பேறியது திரும்பாது. தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் தேறலாம்.

இது புதுக்கதையா? இத்தாலிய மருத்துவர் ராமசினி, 1713-ல் வந்த நூற்பதிப்பிலேயே தானியம் புடைப்போரின் மூச்சுத்துன்பத்தை எழுதிவைத்தார். பூசணம் பிடித்த வைக்கோலால் வரும் உழவர் நுரையீரல் நோயை 1932-ல் இங்கிலாந்தில் கேம்பெல் விவரித்தார். சக்கையால் வரும் நோய் 1941-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் பதிவாயிற்று. பகாசோசிஸ் என்று அதற்குப் பெயர். நம் நாட்டிலே 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து, நுரையீரல் திசு தடிக்கும் நோயுள்ள 1,084 பேரை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டன. அவர்களில் 47.3 சதவீதத்தினருக்கு இருந்தது, பூசணம், பறவை எச்சம் போன்றவற்றின் தூசியால் வரும் ஒவ்வாமை வீக்கமே!

சட்டம் என்ன சொல்கிறது? 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ‘சி’ பகுதியைப் புரட்டுங்கள். பகாசோசிஸ் என்ற பெயரே அங்கே இருக்கிறது. அடுத்து, உயிர்ப்பொருள் தூசியால் வரும் நுரையீரல் வீக்கமும் இருக்கிறது. அச்சட்டத்தின் இடத்திலே 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. சட்டப் புத்தகத்திலே பெயர் இருக்கிறது. தொழிலாளியின் மருந்துச் சீட்டிலோ பெயர் இல்லை. சீட்டிலே பெயர் ஏறாதவரை நட்டஈடு எப்படி வரும்?

ஆகவே, தோழர்களே, மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாதீர்கள். “சக்கை அள்ளுகிறேன். வேலை முடிந்து இத்தனை மணி நேரத்தில் காய்ச்சல் வருகிறது. விடுமுறையில் குறைகிறது” என்று சொல்லுங்கள். செய்யும் தொழிலைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சங்கத்தின் வேலை அதைவிடப் பெரிது. பழஞ்சக்கை தேங்கக்கூடாது. பூசணம் பிடித்த போரைக் கிளறுமுன் நனைக்க வேண்டும். சக்கை போகும் பாதைக்கு மூடி வேண்டும். தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும். நுண்தூசி தடுக்கும் முகமூடி வேண்டும். ஆண்டுதோறும் மார்புச் சோதனை வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பந்தக் கூலிக்கும் வேண்டும். தூசி இருவருக்கும் ஒன்றுதானே!

நனைக்கத் தண்ணீரும் மூட ஒரு தகடும் கேட்பது பிச்சை அல்ல. மூச்சு விடும் உரிமையைக் கேட்கிறோம். அடுத்த அரைவை தொடங்குமுன் கேட்போம், சேர்ந்து கேட்போம்!